கழுவக்கூடாத கல்

எங்கள் வீட்டில் கழுவக்கூடாத சாமான் ஒன்று இருக்கிறது. அதைக் கழுவாமல் வைத்திருக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. காலையில் தேநீர் குடித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணி ஒன்றை எடுத்து, ஈரம் இல்லையா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மூடியிருக்கும் துவாய்த் துண்டை நீக்கி அந்தச் சாமானைத் துடைக்கிறேன். பிறகு பழையபடி மூடிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விரதம் என்று விளங்கும். நான் கழுவுகிற ஆள். கடையால் வந்த சவர்க்காரக் கட்டியையும் கழுவித்தான் வைப்பேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அது முழுப் பொய்யும் இல்லை.

சாமான் என்றது ஒரு மின்சாரத் தோசைக்கல்லை. நீட்டுப்பாட்டில் கறுப்பாக, நாலு குட்டிக் கால்களோடு இருக்கும். ஒரு பக்கத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். அதற்குப் பக்கத்தில் சின்னச் சிவப்பு விளக்கு. மற்றப் பக்க ஓரத்தில் ஒரு துளை. மிஞ்சின எண்ணெய் அதன் வழியே கீழேயுள்ள தட்டில் வடியும். கடைக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது கறண்ட் கல் ஆகிவிட்டது. அந்தப் பெயரால் வந்த வினையைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வீடு கண்டாவளைப் பக்கம். கணவருக்கு வயல். நான் பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மனையியல் என்றால் தெரியுமல்லவா? சமையல், தையல், வீட்டுப் பராமரிப்பு. 'மின்சாதனங்களை ஒருபோதும் நீரில் அமிழ்த்தலாகாது' என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டு, எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தெழுத வைத்திருக்கிறேன். இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

ஒரே மகன். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் போய் இருப்பது. பெண்ணுக்கு வீடு வளவு கொடுத்துக் கட்டிக்கொடுப்பார்கள். மருமகளுக்கும் பளைக்கு அங்காலே, குடாநாட்டில், தாய்வீடு இருக்கிறது. ஆனால் அவள் தர்மபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர். அங்கிருந்து வந்துபோவதென்றால் பஸ் மாறி மாறி உடம்பு உளைந்துவிடும். அதனால் மாற்றம் கிடைக்கும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று பேசிக்கொண்டோம். 'மாற்றம் கிடைக்கும்வரை' என்பதை எல்லாருமாகச் சொன்னோம். எனக்கு மட்டும் அந்த மாற்றம் கிடைக்கவே கூடாது என்று உள்ளுக்குள் இருந்தது. மகன் போய்விட்டால் இந்தப் பெரிய வீட்டில் நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவர் முகத்தை நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

வந்த பிள்ளை பிறந்ததிலிருந்தே சைவம். எங்கள் வீடு அப்படியில்லை. மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் ஒழுங்கை முகப்பில் கேட்டால் நான் எந்த வேலையையும் போட்டுவிட்டு ஓடுவேன். மீனும் இறைச்சியும் முட்டையும் எங்கள் பேச்சில் மச்சம். வெள்ளிக்கிழமையில் மட்டும் மச்சம் இல்லை. அதற்கென்று சைவச்சட்டி ஒருபக்கம், மச்சச்சட்டி ஒருபக்கம் என்று குசினியில் பிரித்துத்தான் வைத்திருக்கிறேன். சட்டிகள் பிரிந்தால் போதும் என்று நினைத்தேன். மணத்துக்குச் சட்டி கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

அவள் ஒன்றும் சொல்கிற பிள்ளை இல்லை. எதைக் கேட்டாலும் "ஓம் மாமி" என்பாள். சாப்பிட வாரும் என்றால் "ஓம் மாமி". போதுமோ என்றால் "ஓம் மாமி". கோயிலில் மணி அடித்த மாதிரி ஒரே சத்தம். மருமகள் என்று ஒருத்தி வந்தால் எதிர்த்துப் பேசுவாள், நானும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். ஆயத்தமெல்லாம் வீண்.

பிறகு அவளுக்குப் பிள்ளை தங்கியது. அதோடு மீன்மணம் ஆகாமல் போனது. ஹோர்ன் சத்தம் கேட்டாலே யன்னலைச் சாத்துவாள். குசினி வாசலுக்கு வருவாள், சீலைத்தலைப்பை மூக்கில் பிடிப்பாள், திரும்பிப் போவாள். சாப்பிடக் கூப்பிட்டால் முதல்முறையாக வேறு வசனம் சொன்னாள்.

"பசிக்கேல்லை மாமி."

கிளினிக்குக்குப் போய்வந்த மகன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"உடம்பு நிறை காணாதாம் அம்மா. சாப்பிடாட்டிப் பிள்ளைக்குக் கூடாதெண்டு நேர்ஸ் ஏசிப்போட்டா."

அன்று பின்னேரம் உழுந்து அரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் மஞ்சள் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டித் தோசை சுட்டேன். அவளுக்குத் தோசை பிடிக்கும் என்று மகன் சொல்லியிருந்தான். தட்டைக் கையில் வாங்கினவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மாமி, இந்தக் கல்லில முட்டையும் போடுறனீங்களோ?"

போடுகிறவள்தான். அதே கல்லில்தான் முட்டை ரொட்டி. சட்டிகளைப் பிரித்து வைத்த நான் கல்லைப் பிரிக்கவில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. "கழுவித்தான் வைச்சிருக்கிறன் பிள்ளை" என்றேன். அவள் பாதித் தோசையைத் தின்றாள். என் மனம் நோகக்கூடாது என்றுதான் தின்றாள் என்பது தட்டைப் பார்க்கவே தெரிந்தது.

மறுநாள் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் இரும்புக் கல் ஒன்று வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இரும்புக் கல்லை எங்கே வைப்பது? என் அடுப்பில்தான். அடுப்புக்குப் பக்கத்தில் என் மச்சச்சட்டி, மேலே முகட்டில் வருஷக்கணக்காகப் பிடித்த மீன்புகை. அந்தப் பிள்ளை குசினிக்குள் கால்வைக்க மாட்டாதவள். இப்படி யோசித்துக்கொண்டு நின்றபோது கடைக்காரர் இந்தக் கறுப்புச் சாமானைக் காட்டினார். "அடுப்பே தேவையில்லை அம்மா. எங்க பிளக் இருக்கோ அங்க சுடலாம்" என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னார்: தேய்க்கக்கூடாது, இரும்புத் தட்டகப்பை போடக்கூடாது, மர அகப்பைதான், வயர் கழன்று வராது என்றபடியால் தண்ணீரில் போடவே கூடாது, இளஞ்சூட்டில் துணியால் துடைத்தால் போதும். நான் தலையை ஆட்டினேன். மனையியல் ரீச்சருக்கு இவர் பாடம் எடுக்கிறார் என்ற எண்ணத்தில் ஆட்டின தலை அது. காதுக்குள் ஒன்றும் போகவில்லை.

திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் கேட்காமலே "மருமகளுக்கு" என்றேன். இந்தக் காலத்தில் எந்த மாமி இப்படிச் செய்வாள் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு வந்தேன். பெட்டி தொடையில் குத்தி நோகிறது கூட எனக்குத் தெரியவில்லை. என் செத்தவீட்டில் இந்த மருமகள் இதைச் சொல்லி அழுவாள் என்று வரைக்கும் கற்பனை போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கல்லைப் பழக்கினேன். புதுக் கல் வாங்கினால் பழக்க வேண்டும். நல்லெண்ணெய் பூசி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, புகைய விட்டு எடுக்க வேண்டும். இரும்புக்குச் செய்வது அது. இந்தக் கல் இரும்பில்லை, ஏற்கெனவே ஒட்டாமல் பூச்சுப் பூசி வந்தது என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தார்கள். நான் குமிழை முழுதாகத் திருப்பிவிட்டு வெங்காயத்தால் தேய்த்தேன். எழும்பின புகையில் முருங்கையில் இருந்த குரங்குகளே இறங்கி அடுத்த வளவுக்குப் போயின. அதுவரை குரங்கு கலைக்க எத்தனை வெடி கொளுத்தியிருப்போம்! கல்லில் பழுப்பாய்ப் பிசின் மாதிரி ஒன்று படிந்தது. "பழகிட்டுது" என்று கணவரிடம் சொன்னேன்.

"ஆர்? கல்லோ, குரங்கோ?" என்றார்.

மருமகளின் அறைக்கு முன்னால் பக்க விறாந்தை இருக்கிறது. நல்ல காற்று. பிளக்கும் உண்டு. அங்கே ஒரு மேசையைப் போட்டு, புதுச் சீலைத்துண்டு விரித்து, கல்லை வைத்தேன். பக்கத்தில் புதுத் தட்டு, புதுக் கிண்ணம், புது மர அகப்பை. பள்ளிக்கூடத்தால் வந்தவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது உமக்குத்தான் பிள்ளை. இதில நாங்கள் ஒருதரும் கைவைக்க மாட்டம். உமக்கு விருப்பமான நேரம், விருப்பமானதைச் சமைச்சுச் சாப்பிடும்."

அவள் மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் இரண்டும் நிரம்பிவிட்டது. "ஓம் மாமி" என்றாள்.

பாவம், சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, எனக்கும் கண் கலங்க, குசினிக்குள் போய் நல்ல விளைமீன் குழம்பொன்று வைத்தேன்.

அன்றிலிருந்து அவள் அங்கே சமைத்தாள். நான் பழக்கிய பிசினை வெதுவெதுப்பான துணியால் துடைத்துத் துடைத்து எடுத்துவிட்டாள், எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல். மேசை ஒருபக்கம் சரிந்திருந்ததால் மா ஓடித் துளைக்குள் விழுந்தது. கொப்பித்தாளை மடித்து ஒரு காலுக்குக் கீழே வைத்து மட்டம் பார்த்தாள். சிவப்பு விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து, சூடு வந்த பிறகே மா ஊற்றுவாள். நாலு தோசை ஒரே நேரத்தில் வெந்து வரும். மணம் வீடு முழுக்க வரும். மகன் இரண்டு தட்டோடு அங்கே போய் இருந்துகொண்டான். பிறகு என் கணவர், கறண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கிறேன் என்று போனார். பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான் போகவில்லை. கைவைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவள் அல்லவா? அத்தோடு, அவளும் வாங்கோ என்று கூப்பிடவில்லை. கூப்பிடாமல் போய் நிற்க நான் என்ன குரங்கா? குசினியில் தனியே இருந்து என் மீனைத் தின்றேன். வாங்கிக் கொடுத்தது நான், வாசம் பிடிக்கிறது மட்டும் எனக்கு. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்ற ஆறுதலில் அரைவாசிப் பொறாமையும் கலந்திருந்தது. அவளோ குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காமல் விட்டுவிட்டாள். முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டாவது வாசலுக்கு வருவாள்.

பக்கத்து வளவுக்காரி ஒருநாள் கருவேப்பிலை பிடுங்க வந்தாள். விறாந்தையைப் பார்த்தாள். குசினிக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னக்கா, அடுப்பைப் பிரிச்சுப் போட்டியளோ?"

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் அடுப்பைப் பிரிப்பதென்றால் சட்டி பானைச் சங்கதி இல்லை. ஆளை வேறாக்கி விடுவது. இருந்தால் இரு, போனால் போ, உன் உலை உனக்கு, என் உலை எனக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் சொல்லுவது.

"ஆர் பிரிச்சது? அது அடுப்பில்லை. கல்லு! தோசைக்கல்லு!" என்று பாய்ந்தேன்.

"கல்லெண்டா அடுப்பில வைக்கிறதெல்லோ அக்கா. அடுப்பில்லாமச் சுடுகுதெண்டா, பேந்து அதுதானே அடுப்பு?"

கருவேப்பிலையை மடியில் கட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் கல் என்று நினைத்துக்கொண்டு அடுப்பை வாங்கி வந்திருக்கிறேன். அதைப் பிள்ளைத்தாச்சிப் பிள்ளையின் அறை வாசலில் வைத்து, புதுத்தட்டும் கொடுத்து, நாங்கள் ஒருவரும் கைவைக்க மாட்டோம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒரு மருமகளை வேறாக்க வேண்டுமென்று திட்டம் போட்ட மாமிகூட இவ்வளவு வடிவாகச் செய்திருக்க மாட்டாள்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் மகன் வந்து என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டான்.

"அம்மா, தர்மபுரத்தில ஒரு வீடு வாடகைக்கு இருக்காம். அவ போவமோ எண்டு கேக்கிறா. மாமிக்கு எங்களை வைச்சிருக்க விருப்பமில்லைப் போல எண்டு சொல்லுறா."

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"நீங்கள் சொல்லேல்லை. அடுப்பு வைச்சுக் குடுத்தனீங்கள்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பஸ்ஸில் தொடை நோக நோகக் கொண்டுவந்தேனே என்று கத்தினேன். அவள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே, ஓம் மாமி ஓம் மாமி என்றால் நான் என்னத்தைக் கண்டேன் என்று கத்தினேன். மகன் எழும்பிப் போனான். கணவர் மட்டும் இருந்தார்.

"இஞ்சாரும், சண்டையில இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ இருந்த நேரம் எத்தினை குடும்பம் எங்கட அடுப்பில சமைச்சது? ஒருதரையும் வேற அடுப்பு மூட்டச் சொல்லி நீர் விடேல்லை. அவையளுக்குப் பாத்துச் செய்தனீர். இதுக்கு மட்டும் மூளை எங்க போனது?"

அந்த மூன்று கல் அடுப்பில் தெரியாத மனிதர்களெல்லாம் கையை நீட்டிச் சாப்பிட்டார்கள். இப்போது ஓட்டு வீடும் கட்டி, மாபிளும் பதித்து, என் பேரப்பிள்ளையைச் சுமக்கிறவளை விறாந்தையில் தனியே இருத்தி வைத்திருக்கிறேன். படுத்தும் நித்திரை வரவில்லை. அந்தப் பிள்ளை போய்விடப் போகிறாள் என்ற பயம்தான்.

ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். பிள்ளை, நான் அப்படி நினைக்கவில்லை என்று. அந்த ஒரு சொல்லை மாமியார் வாயால் எடுப்பது லேசான காரியம் இல்லை. சொல்வதைவிடச் செய்வது எனக்கு எப்போதும் சுகம். செய்யத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை இவ்வளவும் வாசித்த நீங்கள் ஊகிப்பீர்கள்.

காலையில் அவள் பள்ளிக்கூடம் போனதும் கறண்ட் கல்லை விறாந்தையிலிருந்து தூக்கிக் குசினிக்குக் கொண்டுவந்தேன். அவள் திரும்பி வரும்போது அவளுடைய அடுப்பு என் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பார்த்ததும் விளங்கிவிடும். ஆனால் குசினி மீன்மணம். அதனால் கழுவத் தொடங்கினேன். முகட்டைக் கழுவினேன், சுவரைக் கழுவினேன், தட்டுகளைக் கழுவினேன். கழுவுகிற வேகத்தில் கை நிற்கவில்லை. கிணற்றடிக்குக் கல்லையும் கொண்டுபோய், சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் முழுதாகத் தாழ்த்தி, முன்னும் பின்னும் உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சினேன். வயரையும் விடவில்லை. வயரில் ஊத்தை இருந்தது.

சீலைத்தலைப்பால் துடைத்து, குசினி மேடையில் வைத்து, பிளக்கைச் சொருகி, சுவிச்சைப் போட்டேன்.

'டப்' என்றொரு சத்தம். ட்ரிப் சுவிச் விழுந்து வீடெல்லாம் நின்றுபோனது. பிறிஜ் ஒரு முனகலோடு அடங்கியது. நான் கல்லை ஒரு கையால் பிடித்தபடி நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயத்தில் கை மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

வாசலில் மருமகள். அன்று பள்ளிக்கூடம் வெள்ளன விட்டிருக்கிறது. நனைந்த தரை, ஒழுகுகிற வயர், கல்லில் கைவைத்தபடி நான். அவள் கைப்பை கீழே விழுந்தது.

"மாமி! விடுங்கோ! கையை எடுங்கோ!"

எடுத்தேன். அவள் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். என் இரண்டு கையையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விசரே உங்களுக்கு? படிப்பிச்ச மனுசிதானே நீங்கள்? கறண்ட் சாமானை ஆரும் கிணத்தில தோய்ப்பினமே? அந்த ட்ரிப் சுவிச் விழாட்டி இப்ப என்ன நடந்திருக்கும்? நான் வந்து என்னத்தைப் பாத்திருப்பன்?"

ஓம் மாமி என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளை, மூச்சு விடாமல் பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். என் தாய்க்குப் பிறகு என்னை இப்படி ஒருவரும் ஏசிப் பேசினதில்லை. எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. அதைச் சொன்னால் இன்னும் விசர் என்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மற்றது, இரவெல்லாம் வராத சொல், தானாக வந்துவிட்டது.

"நான் உம்மை வேறாக்கேல்லைப் பிள்ளை. கல்லெண்டுதான் வாங்கினனான். சத்தியமா அடுப்பெண்டு நினைக்கேல்லை."

"பேந்து ஏன் மாமி வெளிய கொண்டுபோய் வைச்சனீங்கள்?"

"குசினியில மீன் மணக்குமெண்டு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"அப்ப மீனை வெளிய வையுங்கோவன்."

இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றவில்லை. மணக்கிறது மீன், நான் வெளியே வைத்தது மருமகளை.

கல்லைக் கணவர் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தார். பிறகு கைபேசி நனைந்தால் அரிசிக்குள் போடுவார்கள், இது பெரிய சாமான் என்றபடியால் நெல்லுக்குள் போடுவோம் என்று சாக்கொன்றைப் பிரித்து உள்ளே புதைத்து வைத்தார். வயர் மட்டும் வெளியே தொங்கியது. நெல் வாங்க வந்த வியாபாரி அதைப் பார்த்து, "ஐயா, மூட்டைக்குச் சார்ஜ் போடுறியளோ?" என்று கேட்டார். சில நாள் கழித்து எடுத்து, என்னைத் தூரப் போகச் சொல்லிவிட்டு மருமகளே பிளக்கைச் சொருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், எந்தச் சாமியை என்று தெரியாமல்.

உயிர் தப்பினாலும் கல்லின் ஒருபக்கம் என் தும்பு போட்ட கீறல்கள் நிறைய. அந்தப் பக்கம் ஊற்றினால் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். மருமகள் நல்ல பக்கத்தில் எல்லாருக்கும் சுடுவாள். கீறல் பக்கத்தில் கடைசியாக ஒன்று ஊற்றி, அது கந்தலாய் வந்ததும், "இது மாமியின்ர" என்று என் தட்டில் போடுவாள். நான் ஒன்றும் பேச முடியாது. ஓம் பிள்ளை என்று தின்பேன்.

கறண்ட் கல் குசினி மேடையில் நடுநாயகமாக ஏறியது. வீட்டின் பின்புறம் தகரக் கொட்டில் ஒன்று போட்டு, என் மச்சச்சட்டியும் நானும் வெளியேறினோம். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மீன் வெட்டுகையில் பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்களையெல்லோ வேறாக்கிப் போட்டினம்?"

"ஓம்" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் ஒத்துக்கொண்டது கிடையாது. சில நாள் மருமகள் தட்டோடு கொட்டில் பக்கம் வருவாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் கதிரையைப் போட்டு, பள்ளிக்கூடப் புதினம் சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவாள். கிளினிக்கில் நிறை சரி என்றார்கள். வாடகை வீட்டுக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

பேறு மாதம் கிட்டியதும் மருமகள் முறைப்படி தாய்வீட்டுக்குப் போக வேண்டும். சம்பந்தியம்மா வாடகைக்கு வான் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்குப் பழைய பயம் திரும்பவும் எழும்பியது. போகிறவள் பிள்ளையோடு அங்கேயே இருந்துவிடலாம். அங்கே அவளுக்குச் சொந்த வீடு, சொந்தத் தாய், மீன்மணம் இல்லாத குசினி. வழக்கமும் அவள் பக்கம்தான். அறையிலிருந்து பை பையாக வர வர, எது மிச்சம் இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அலுமாரி அரைவாசிக்கு மேல் காலி.

பிறகு நான் செய்ததை என்னவென்று சொல்ல? கறண்ட் கல்லைத் துடைத்து, அதன் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே வைத்து, கயிறும் கட்டி, வானடிக்குக் கொண்டுபோனேன். கேட்க வாய் வராத கேள்வியைப் பெட்டியில் கட்டிக்கொண்டுபோய் நீட்டினேன்.

"இந்தாரும் பிள்ளை. உம்மட கல்லு. அங்க தேவைப்படும்."

வானில் ஏறப்போனவள் வயிற்றைப் பிடித்தபடி திரும்பினாள். பெட்டியைப் பார்த்தாள். இந்த முறை கண் நிரம்பவில்லை. நெற்றியைச் சுருக்கினாள்.

"இதை ஏன் தூக்கிக்கொண்டு வாறியள்? கொண்டுபோய் இருந்த இடத்தில வையுங்கோ மாமி."

"இல்லை, அங்க..."

"அங்க அம்மாட்டக் கல்லு இருக்கு. இது எங்கட குசினிக் கல்லு." பிறகு அவளுடைய தாயும் என் மகனும் என் கணவரும் டிரைவரும் பார்த்துக்கொண்டிருக்க, விரலை நீட்டிச் சொன்னாள். "தண்ணி காட்டக் கூடாது. தும்பு கிட்டவும் போகக் கூடாது. காஞ்ச துணியால துடைச்சு, துவாயால மூடி வையுங்கோ. நான் வந்து பாப்பன்."

வான் ஒழுங்கையால் திரும்பும்வரை பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

பேத்தி பிறந்துவிட்டாள். நல்ல நிறை. துடக்குத் தீட்டுக் கழிந்ததும் போய்ப் பார்த்து, தூக்கி, என் மூக்கென்று சண்டை பிடித்துவிட்டு வந்தேன். மகனும் மருமகளும் பேத்தியும் திரும்பி வர இன்னும் நாள் கிடக்கிறது. கறண்ட் கல்லில் யாரும் தோசை சுடுவதில்லை. எனக்கும் கணவருக்கும் பழைய இரும்புக் கல் போதும்.

இன்று காலையும் துவாயை நீக்கித் துடைத்துக்கொண்டு நின்றபோது அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"பாவிக்காத சாமான். ஊத்தையே இல்லை. பேந்து ஏன் இதைப் போட்டுத் துடைக்கிறீர்?"

நான் கீறல் பக்கத்தையும் ஒருமுறை துடைத்துவிட்டு மூடினேன்.

"அவ வந்து பார்ப்பா" என்றேன்.